வரைபடத்தின் கிழக்கு மூலை

கைநாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எழுதியவர்கள் யாரும் அதோடு ஒரே அறையில் ஒன்பது வருடம் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பல் நிறம், தையல் மெஷின் அளவு, மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். கையால் வரைந்த ஒரு படத்தை அதன் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் முனகிக்கொண்டே படிக்கும். படித்துவிட்டு, படத்தில் காலியாக விடப்பட்ட ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் இரண்டில் ஒன்றைச் சொல்லும். 'பார்த்தார், காலி.' இல்லையென்றால், 'பார்த்தார், விட்டார்.' அதற்குமேல் வாயைத் திறக்காது. எங்கள் அலுவலகத்தில் அதைவிடக் குறைவாகப் பேசுகிறவர் கேஷியர் ஒருவர்தான்.

சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் நிஜமாகவே ஒன்றும் இல்லையென்றால், வரைகிற கை கவலையில்லாமல் அதைத் தாண்டிப் போகும். அங்கே ஏதோ இருந்து, அதை வரைய வேண்டாம் என்று மனம் முடிவு செய்திருந்தால் கை கொஞ்சம் உஷாராகிவிடும். சுற்றியுள்ள கோடுகள் ஒரு மயிரிழை முன்னாலேயே நிற்கும். பேனா கூடுதலாக அழுத்தும். அந்த ஓரம் மட்டும் தேவைக்குமேல் சுத்தமாக இருக்கும். நம் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. லட்சக்கணக்கான கைகளைப் படித்துப் பழகிய மெஷினுக்குத் தெரியும்.

நான் உலகநாதன். கடலோர மீள்குடியமர்வு ஆணையத்தில் வரைபடப் பிரிவு. கடல் ஏறிக்கொண்டே வந்ததால் கரையோர ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பது ஆணையத்தின் வேலை. ஊரைப் பெயர்ப்பதில் சிரமமில்லை. யாரை எங்கே வைப்பது என்பதில்தான் அடிதடி. புதிதாக மேடாக்கிய கரை எப்போதுமே பழைய கரையைவிடச் சின்னது. அதனால் ஒரு விதி போட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய, இடத்தைக் காட்டுகிற வரைபடம் ஒன்றில் யாருடைய குடியிருப்பு இருக்கிறதோ அவர்களுக்குப் புதுக் கரையில் இடம். மற்றவர்கள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் உள்ளே, பன்னிரண்டு மாடி அடுக்ககம்.

மீன்பிடிக்கிறவரைப் பன்னிரண்டாவது மாடியில் வைத்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு விதியில் பதில் இல்லை.

சேந்தன்துறை வழக்கு என் மேசைக்கு வந்தபோது அந்த ஊரில் கடல் மூன்றாம் தெருவுக்கு வந்திருந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டையும் கருப்பட்டியும் ஏற்றுமதியான சின்னத் துறைமுகம். பண்டகசாலைத் தெருக்காரர்கள் ஒரு பக்கம், கிழக்குக்குடி என்கிற மீனவர் குடியிருப்பு மறுபக்கம். கிழக்குக்குடியில் இருநூற்றுப் பதினாலு வீடு. முந்நூறு வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்ன பழைய இடத்தை இந்தப் பத்து வருடத்தில் கடல் தின்றுவிட்டது. தோண்டிப் பார்க்கத் தரை இல்லை. மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன. ஊர் என்ற இடத்தில் சேந்தன்துறை என்று மட்டும் இருந்தது. ஊரில் எந்த மூலை என்று எழுத எந்தச் சாமியாருக்கும் தோன்றவில்லை.

பண்டகசாலைத் தெருவின் வணிகர் சங்கம் ஒரு வரைபடம் கொண்டுவந்தது. சீமையில் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து ஏலத்தில் எடுத்தார்களாம். 'சேந்தன்துறைத் துறைமுகத்தின் பறவைப் பார்வைத் தோற்றம், மார்ச் 1889.' வரைந்தவர் எல்வின் என்று ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா.

அப்படி ஒரு அழகான படத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. கடல்மேல் ஒரு பருந்து நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி முழு ஊரும் சாய்ந்து விரிந்து கிடந்தது. மாதா கோயில், சுங்கச்சாவடி, விளக்குக் கம்பம், மூட்டை தூக்குகிற ஆட்கள், பண்டகசாலைகளின் ஒவ்வொரு ஜன்னலும். ஒரு வீட்டு மாடியில் மிளகாய்கூடக் காய்ந்தது. துறைமுகத்தில் பாய் விரித்த பதினொரு கப்பல்கள். ஆனால் கோயிலுக்குக் கிழக்கே, கிழக்குக்குடி இருக்க வேண்டிய இடத்தில், மணல். கோடுகூட இல்லாத வெறும் மணல்.

வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்குக் குடிசைகளை வரைய மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கப்பல் கம்பெனிக்குக் குடிசை எதற்கு? கைநாடி எப்படியும் 'பார்த்தார், விட்டார்' என்று சொல்லும், மனுதாரர்கள் பிழைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே படத்தை வைத்தேன். மெஷின் வழக்கத்தைவிட அதிக நேரம் முனகியது.

'பார்த்தார், காலி.'

மறுபடி வைத்தேன். அதே பதில். எல்வின் அந்த மூலைக்குப் போயிருக்கிறார், நின்று பார்த்திருக்கிறார், அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மனுஷன் மிளகாயைக்கூட விடாதவர். அவரைச் சந்தேகிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

முடிவை மனுதாரர்களுக்கு நேரில் காட்ட வேண்டும் என்பது நடைமுறை. கிழக்குக்குடி சார்பில் வந்தவர் பெர்பெத்துவா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர், அதனால் மெதுவாகப் பேசினாலே பக்கத்து அறையில் கேட்கும். நான் அந்த அம்மாவிடம் படத்தைக் காட்டி, மெஷின் எப்படிப் படிக்கிறது என்று விளக்கி, முடிவைச் சொன்னேன். அழுவார், இல்லையென்றால் சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். இரண்டும் இல்லை. படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிவைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவரு எது மேல ஏறி நின்னு சார் பாத்தாரு?"

எதன்மேலும் ஏறவில்லை என்றேன். அந்தக் காலத்துப் பறவைப் பார்வைப் படங்கள் அப்படித்தான். வரைகிறவர் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தையும் குறித்துக்கொண்டு, பிறகு அறையில் உட்கார்ந்து, தான் வானத்தில் இருப்பதாகக் கற்பனை செய்து வரைவார். வரைந்து முடிக்க மாசக்கணக்கில் ஆகும், படத்தில் போடுவது நடந்து பார்த்த மாதத்தை.

"மார்ச்சு மாசம் நடந்திருக்காரு."

"ஆமா. அதுல என்ன?"

"படத்துல ஒரு வள்ளமாவது இருக்கா பாருங்க சார். கப்பலு பதினொண்ணு இருக்கு. மீன் புடிக்கிற வள்ளம், ஒண்ணே ஒண்ணு?"

பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். இல்லை. ஒரு துறைமுக ஊரின் படத்தில் ஒரு மீன்பிடி வள்ளம்கூட இல்லை. ஒன்பது வருடமாகக் காலி இடங்களைப் பார்த்தே சம்பளம் வாங்குகிற எனக்கு அது கண்ணில் படவில்லை. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பிறகு அவர் சொன்னார். முத்துக்குளிப்பு நடக்கிற வருடங்களில் மாசி, பங்குனியில் கிழக்குக்குடி மொத்தமும் அக்கரைக்கு, அதாவது இலங்கைக்குப் போய்விடும். குளிக்கிற ஆம்பளைகள் மட்டுமில்லை, பொம்பளைகள், பிள்ளைகள், கோழி, எல்லாம். அக்கரையில் முத்து எடுக்கிற இடத்தில் மரம் கிடையாது, பொட்டல். அதனால் வீட்டையும் கொண்டுபோக வேண்டும். கூரைக் கிடுகைப் பிரித்து, மூங்கிலைப் பிடுங்கிக் கட்டி, வள்ளத்தில் ஏற்றிவிடுவார்கள். போகிற அன்றைக்குச் சாமியார் வந்து ஒரு பூசை வைப்பார். கூரை இறக்குகிற பூசை என்று அதற்குப் பெயர். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, பழைய இடத்தில் பழையபடி நட்டுக்கொள்வார்கள்.

"நடுறதுக்கு எடம் எப்படித் தெரியும்?"

"மூங்கில் புடுங்குன குழியில ஆளாளுக்கு ஒரு சங்கைப் போட்டு மூடிட்டுப் போவாவளாம். எங்க அம்மா சொல்லுவா. யாரு சங்கு எதுன்னு அவியளுக்குத் தெரியும்."

எல்வின் நடந்தது அந்தச் சங்குகளுக்கு மேலேதான். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. மெஷினும் சொல்லவில்லை. ஊரிலிருந்த பண்டகசாலைக்காரர்களும் அவரிடம் எதையும் மறைத்திருக்க மாட்டார்கள், அவர் கேட்டிருக்க மாட்டார். காலி மணலைக் காட்டி இங்கே யார் இருந்தார்கள் என்று யார் கேட்பார்கள்? எல்லோரும் நேர்மையாக இருந்து இருநூறு குடும்பத்தை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கணத்தில் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன். நானும் அந்த அம்மாவோடு சேர்ந்து கோயிலின் பழைய அறிவிப்புப் புத்தகங்களைத் தேடினேன். மூன்று நாள் தும்மிய பிறகு கிடைத்தது. பிப்ரவரி 1889, கூரை இறக்கும் பூசை, கிழக்குக்குடி, இருநூற்று ஆறு குடும்பம். அவர் அந்த வரியை ஏலம் கூறுகிற குரலில் சத்தமாகப் படித்தார். கோயில் புறாக்கள் பறந்துபோயின.

விசாரணை சேந்தன்துறையிலேயே, கோயில் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. காலை ஓதத்தில் தண்ணீர் வாசல்வரை வரும், அதனால் எல்லோரும் செருப்பை ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். விசாரணை அலுவலர் ஜெயசக்தி மேடம். நிதானமான பெண்மணி, யாரையும் பாதியில் நிறுத்த மாட்டார். அடுக்ககங்களில் ஒருமுறை தங்கிப் பார்த்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். கிழக்குக்குடி ஜனங்கள் ஹால் நிறைய இருந்தார்கள்.

நான் கைநாடியின் முடிவைச் சொன்னேன். பெர்பெத்துவா வள்ளத்தையும் கூரையையும் சொன்னார். அறிவிப்புப் புத்தகத்தை மேடம் இரண்டுமுறை படித்தார். வணிகர் சங்கத்து வக்கீல் எழுந்து, வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது எப்படி நிரந்தர ஊர் ஆகும் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவரும் கெட்டவர் இல்லை, அவர் கட்சிக்காரர்களின் தெருவிலும் தண்ணீர்தான்.

"தூக்கிட்டுப் போனது வீட்டை," என்றார் பெர்பெத்துவா. "ஊரை இல்ல."

மேடம் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். பிறகு சட்டப்படி இருக்கிற நிலைமையைச் சொன்னார். அறிவிப்புப் புத்தகம் இடத்தைக் காட்டவில்லை, அதனால் அதைமட்டும் வைத்துக் கரை கொடுக்க முடியாது. ஆனால் பழைய வரைபடத்தின்மேல் சந்தேகம் வரப் போதும். பழைய வரைபடம் சந்தேகத்துக்கு இடமானால் அதை ஒதுக்கிவிட்டு, அரசின் கடைசி நில அளவை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அதில் குடியிருப்பு என்று இருந்தால் போதும்.

ஹாலில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. கடைசி அளவை எடுத்துப் பதினோரு வருடம்தான் ஆகிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே இருநூற்றுப் பதினாலு வீடும் முழுசாக நின்றன, ஊரே சாட்சி.

திரையில் அளவை வரைபடத்தைப் போட்டார்கள். பண்டகசாலைத் தெரு, கோயில், பள்ளிக்கூடம், எல்லாம் கூரை கூரையாக விளிம்பு கட்டியிருந்தது. கோயிலுக்குக் கிழக்கே ஒரு பெரிய வெற்றுச் சதுரம். அதற்குள் மூன்று சொல். 'வலை உலர்த்தும் இடம்.'

 நான் சதுரத்தைப் பார்க்கவில்லை. வரைபடத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். தொகுதி 14, தயாரித்தவர் உ.நா.

என் எழுத்து.

கைநாடியிடம் வருவதற்கு முன்னால் நான் அளவை வேலையில் இருந்தேன்; அந்த வருடம் எங்களுக்கு ஊர்ப் பெயர் எதுவும் கொடுக்கவில்லை, தொகுதி எண் மட்டும்தான். ஆளில்லா விமானம் மேலிருந்து எடுத்த போட்டோக்கள் சென்னை அலுவலகத்துக்கு வரும். உள்நாட்டு ஊர்களின் கூரைகளை மெஷினே விளிம்பு கட்டிவிடும். கரையோர ஊர்களில் ஓலை, தகரம், படுதா எல்லாம் கலந்து கிடப்பதால் மெஷின் அதைக் குப்பைமேடு என்று படித்தது. அதனால் அவற்றை மட்டும் ஆள் உட்கார்ந்து, திரைமேல் பேனாவால், கூரை கூரையாக இழுக்க வேண்டும். சேந்தன்துறையை இந்த வழக்கில்தான் முதல்முறை பார்க்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பெர்பெத்துவா கையைத் தூக்கினார். "மேடம், அந்த மெஷினு இந்தப் படத்தையும் படிக்குமா?"

கைநாடி கையால் வரைந்ததை மட்டும்தான் படிக்கும், இது விமானம் எடுத்தது என்று மேடம் அவருக்கு விளக்கினார். சொல்லிவிட்டு, உறுதிப்படுத்திக்கொள்ள என் பக்கம் திரும்பினார்.  பழைய கோப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும் மேடம் என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள் என்று இடைவேளை விட்டார்.

பார்க்க என்ன இருக்கிறது? கைதான். அந்தப் பேனாவின் ஒவ்வொரு இழுப்பும், எங்கே அழுத்தியது, எங்கே நின்றது, எல்லாம் ஆணையத்தின் சேமிப்பில் கிடக்கிறது. கைநாடிக்குப் பழுப்புக் காகிதத்தைவிட அதைப் படிப்பது சுலபம். இது தெரிந்தவன் அந்த ஹாலில் நான் ஒருவன். ஆமாம், அது மெஷின் கோடு என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலு மணிக்கு ஊருக்குப் பஸ் பிடிக்கலாம்.

விசாரணைக்கு வந்தவர்கள் யாரும் பசியோடு போகக்கூடாது என்று கிழக்குக்குடிப் பெண்கள் எல்லோருக்கும் இலை போட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் சேர்த்து. சீலா மீன் குழம்பு. எனக்குப் பரிமாறியது பெர்பெத்துவா. இன்னொரு துண்டு வைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க மெஷினு நல்ல மெஷினுதான் சார். அந்த வெள்ளக்காரரு பொய் சொல்லலன்னு சொல்லிச்சே. நாங்க அவர எம்புட்டுத் திட்டியிருப்போம் தெரியுமா, இந்தப் படம் வந்ததுலருந்து."

இலையை மூடினேன். கையைக் கழுவிவிட்டு, மெஷின் இருந்த வகுப்பறைக்குப் போனேன்.

நான் சொன்னால் நம்ப வேண்டும், அந்த நிமிடம்வரை சதுரத்துக்குள் இருந்தவை வலைக் கொட்டகைகள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும், எல்வின்போல நானும் கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்திருப்பேன். மெஷின் 'பார்த்தார், காலி' என்று சொல்லும், நான் தலை நிமிர்ந்து போய் அதையே சொல்வேன். அந்த நம்பிக்கையில்தான் பழைய கோப்பை மெஷினில் இறக்கினேன்.

மெஷின் முனகக்கூட இல்லை. நாலே வினாடி.

'பார்த்தார், விட்டார்.'

இழுப்புகளை விரித்துப் பார்த்தேன். வெற்றுச் சதுரத்துக்குள் ஒரு கூரையைத் தொடங்கியிருக்கிறேன். மூன்று பக்கம் இழுத்து, அழித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நாற்பத்தொரு வினாடி பேனா திரைக்குமேல் ஆடாமல் நின்றிருக்கிறது. பிறகுதான் அந்த மூன்று சொல்.

நினைவு வந்தது. வரக்கூடாது என்று பதினோரு வருடம் மூடிவைத்தது, முழுசாக வந்தது. வெள்ளிக்கிழமை, ஐந்து மணி. ஏழு மணிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். மறுநாள் மச்சினன் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. இருநூற்றுப் பதினாலு கூரையை இழுக்க இன்னும் இரண்டு நாள் ஆகும், தொகுதியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். போட்டோவில், நான் தொடங்கிய அந்தக் கூரைக்குப் பக்கத்தில், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு ஒரு பெண். விமானச் சத்தம் கேட்டிருக்கும், நெற்றிக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. வலைக் கொட்டகையில் யாரும் சேலை காயப்போட மாட்டார்கள். எனக்கு அது தெரிந்தது. நாற்பத்தொரு வினாடி தெரிந்தது. பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதி.

ஹாலுக்குத் திரும்பினேன். வாசலில் தண்ணீர் வடிந்திருந்தது. மேடம் பேனாவை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க உலகநாதன். இந்தக் கோடெல்லாம் மெஷின் இழுத்ததா, கை இழுத்ததா?" என்று கேட்டார்.

"கை மேடம். என் கை."

கைநாடியின் முடிவைப் படித்தேன். முதல் தடவை பின்வரிசைக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருந்தது. மூன்று பக்கம் இழுத்த கூரையையும் நாற்பத்தொரு வினாடியையும் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். 

"ஏன் விட்டீங்க?" என்றார் மேடம். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயிடுச்சு மேடம். ரயிலுக்குப் போகணும்."

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று அப்போதும் மனம் தேடியது. இல்லை. அவ்வளவுதான் காரணம்.

 மேடம் உத்தரவைச் சொல்லிக்கொண்டே எழுதினார். தெரிந்தே விடப்பட்ட குடியிருப்பை இருந்த குடியிருப்பாகவே கொள்ள வேண்டும். கிழக்குக்குடியின் இருநூற்றுப் பதினாலு குடும்பங்களுக்கும் புதுக் கரையின் கிழக்குப் பகுதியில், ஒரே இடத்தில், சேர்ந்தாற்போல மனை. அளவையாளர்மேல் துறை விசாரணை. வக்கீல்கூட ஆட்சேபிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ அழத் தொடங்க, அது முன்வரிசைவரை வந்தது. ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார். பிறகு, நான் யார் என்று நினைவு வந்தவர்போல விட்டுவிட்டுப் போனார்.

வேலை போகும் என்று தெரியும். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது, உண்மையைச் சொன்னவனுக்கு வருகிற லேசான கர்வம்கூட வந்திருந்தது. நானும் மனுஷன்தானே.

பெர்பெத்துவா மட்டும் அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அன்றைக்கு எல்வின் படத்தைப் பார்த்ததுபோலவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் வரைபடம் இன்னும் அணைக்காமல் இருந்தது.

"சார்," என்றார். "அதுல பதினாலுன்னு போட்டிருக்கே. அப்ப முன்னால பதிமூணு இருக்கும்லா?"



"இருக்கு," என்றேன்.

"அதெல்லாம் யாரு வரைஞ்சா?"

 பதிமூன்று மட்டுமில்லை, பின்னாலும் மூன்று இருந்தன. எல்லாவற்றுக்கும் என்னிடம் இரண்டே மாதம் இருந்தது. அதில் எத்தனை வெள்ளிக்கிழமை வந்திருக்கும் என்று நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் தெரியும். இந்தக் கரையில் வழக்குப் போட்டது சேந்தன்துறை ஒன்றுதான். மற்ற ஊர்களில் விடுபட்டவர்களை ஏற்றி அடுக்ககங்களில் விட்டு ஆறு வருடம் ஆகிறது.

"நான்தான்மா," என்றேன்.

மேடம் மூடிய பேனாவைத் திறந்தார். "முதல் தொகுதி எந்த ஊர் உலகநாதன்?"

"ஊர்ப் பேர் தெரியாது மேடம். எங்களுக்கு நம்பர்தான்."

போட்டோவையும் அதன்மேல் என் கோடுகளையும் போடச் சொன்னார். போட்டேன். வளைந்த கரை, நீலப் படுதாக்கள், ஒற்றைக் கோபுரத்தோடு ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டி நான் கூரை இழுக்காமல் விட்ட ஒரு சதுரம். மேலிருந்து பார்த்தால் எனக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். பெர்பெத்துவா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சதுரத்தை விரலால் தொட்டார்.

"இது கல்லடித்தோப்பு," என்றார். "எங்க அத்தைய இங்கதான் கெட்டிக்குடுத்தது."

நான் எழுதிக்கொண்டேன்.